சம்பளமில்லாத மூன்று நாள்



சென்ற மாதம் ஒரு பின்னேரம் கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர் கடைக்கு வந்தார். சில்லறைக் கடை வைத்திருப்பவர், என்னோடு பல வருடப் பழக்கம். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய மகள் கெம்பஸில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். கொழும்பில் நடக்கும் ஒரு தொழில்நுட்பக் கொள்கை மாநாட்டுக்கு அவளை மாணவத் தொண்டராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். மூன்று நாள் வேலை, சம்பளம் இல்லை.

"காக்கா, இது என்ன வேலை? காசும் தராமல் பிள்ளையை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? அனுப்பலாமா, விடலாமா?" என்று கேட்டார்.

இதே கேள்வி ஒரு தடவை என் முன்னாலும் வந்தது. நான் பிழையான பதிலைச் சொன்னேன். ஆகவே இந்த வாரம் விலையையும் வட்டியையும் ஒதுக்கிவிட்டு இதையே எழுதுகிறேன். பிள்ளைகளைக் கெம்பஸுக்கு அனுப்பியிருக்கும் வியாபாரிகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்று இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் மேசைக்கும் இந்தக் கடதாசி வரும்.

2017ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. என் தங்கையின் மகன் அப்போது கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் இரண்டாம் வருடம் படித்துக் கொண்டிருந்தான். லீவு நாட்களில் உட்துறைமுகப் பக்கமுள்ள என் கடையில் நிற்பான். வலை, தங்கூசி, கயிறு, மிதவை, ஈயம் என்று கடல் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் விற்கும் கடை. ஒருநாள் கடை பூட்டும் நேரம் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, கொழும்பில் இன்டர்நெட் சட்டங்களைப் பற்றி ஒரு மாநாடு. என்னை வொலன்டியராக எடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் லீவும் பஸ் காசும் வேணும்."

"சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் இல்லை மாமா. சாப்பாடு, ஒரு டீ சேர்ட், சேர்ட்டிபிக்கேட் தருவார்கள்."

"அப்படியென்றால் நான் உனக்கு இரண்டு டீ சேர்ட் வாங்கித் தருகிறேன். கடையில் நில்லு மகன்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் போகவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். அது மாரி காலம். கடல் கொந்தளிப்பு, வள்ளங்கள் கரையில், கடையில் ஈ ஓட்டிக் கொண்டிருந்தோம். அவன் மூன்று நாள் இல்லாவிட்டால் எனக்கு ஒரு சதமும் நட்டமில்லை. பஸ் காசும் பெரிய காசல்ல. கூலியில்லாத வேலை என்றதும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் மாதத்து லொறி

நாலு மாதம் கழிந்தது. 2018 மார்ச். கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பக்கங்களில் நம் சமூகத்தவர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்த நாட்கள். மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் தடை செய்தது. ஒரு வாரத்துக்கு மேல் தடை நீடித்தது. வைபர் முதலில் திறந்தது, பிறகு வட்ஸ்அப், கடைசியாக பேஸ்புக்.

நமது கிழக்குக் கரையில் மார்ச் என்றால் தொழில் தொடங்கும் காலம். மூதூர், புல்மோட்டை, குச்சவெளி என்று எல்லாப் பக்கமிருந்தும் வள்ளக்காரர் வலைக்கு ஓடர் தருவார்கள். வலையின் கண்ணுக்குப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். நான் அதைப் பார்த்துக் கொழும்புக்குச் சொல்வேன். கொழும்பு மொத்த வியாபாரிக்குப் பணத்தை வங்கியில் போட்டு, அந்தச் சிலிப்பையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். சிலிப் கண்டால்தான் சரக்கு லொறியில் ஏறும். பல வருடமாக இதுதான் எங்கள் முறை. ஈமெயில் என்று ஒன்று கடையின் பெயர் அட்டையில் இருந்தது. அதன் கடவுச்சொல் யாருக்கும் ஞாபகமில்லை. பெக்ஸ் மெஷின் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது.

பணம் போட்டேன், சிலிப் போகவில்லை. போனில் எடுத்துச் சொன்னேன். "நானா, உங்களை நம்பாமல் இல்லை. ஆனால் எல்லோரும் இன்றைக்கு இதையேதான் சொல்கிறார்கள்" என்றார் அவர். அவரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து மருமகன் கெம்பஸிலிருந்து வந்து, தன் ஈமெயிலில் சிலிப்பை அனுப்பினான். இரண்டு நிமிட வேலை. அதற்குள் அந்த வார லொறி நம் சரக்கு இல்லாமல் வந்துவிட்டது. காத்திருந்த வள்ளக்காரர் வேறு கடையில் வாங்கிக் கொண்டு போனார்கள். அதில் இரண்டு பேர் பழைய வாடிக்கையாளர்கள். அவர்கள் பிறகு திரும்பவே இல்லை.

அன்று அவன் எதையும் குத்திக் காட்டாமல் சொன்னான்: "மாமா, நான் கேட்ட மாநாட்டில் இதுவும் ஒரு தலைப்பாக இருந்தது. பிரச்சினை வந்தால் இன்டர்நெட்டை மூடலாமா, யார் மூடலாம், எவ்வளவு நாளைக்கு என்று."

நான் வாயை மூடிக் கொண்டேன்.

சகோதரர்களே, இந்த விடயம் நமக்கு இரண்டு பக்கமும் வெட்டியது. நம் கடைகளை எரிக்கத் தூண்டிய பொய்ச் செய்திகள் அதே பேஸ்புக்கில்தான் பரவின. அவற்றைப் பார்த்து அகற்றுவதற்குச் சிங்கள மொழி தெரிந்த ஆட்கள் அந்தக் கம்பனியிடம் போதவில்லை என்ற முறைப்பாடு அன்றே எழுந்தது. 2018 சம்பவங்களில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதம் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. ஆகவே "மூடியது பிழை" என்று ஒரே வரியில் சொல்லிவிட என்னால் முடியவில்லை. "மூடியது சரி" என்றும் சொல்ல முடியவில்லை. கண்டியிலிருந்த சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கவும் நமக்கு அந்த வட்ஸ்அப்தான் இருந்தது. இப்படி இலேசில் பதில் சொல்ல முடியாத கேள்விகளைப் பேசும் இடம்தான் தொழில்நுட்பக் கொள்கை மாநாடு.

அங்கே என்ன நடக்கிறது

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். புது மெஷின் காட்டும் கண்காட்சி அல்ல அது. தொலைபேசி, இன்டர்நெட், மின்னணுப் பணம், தனிப்பட்ட தகவல் ஆகியவற்றுக்கு என்ன விதி வேண்டும் என்று அரசாங்க அதிகாரிகளும் கம்பனிக்காரரும் பல்கலைக்கழக ஆட்களும் பொது அமைப்புகளும் ஒரே மண்டபத்தில் இருந்து வாதிடுவார்கள். அங்கே சட்டம் இயற்றுவதில்லை. ஆனால் அங்கே பேசப்பட்டது சில வருடம் கழித்துச் சட்ட வரைவில் எட்டிப் பார்க்கும்.

இவற்றில் பெரியது ஐக்கிய நாடுகள் சபையின் இணைய ஆளுகை மன்றம். 2005இல் துனிஸ் நகரில் நடந்த உலக மாநாட்டின் தீர்மானப்படி தொடங்கி, முதற் கூட்டம் 2006இல் ஏதென்ஸில் நடந்தது. நமக்குக் கிட்ட நடந்தது 2008 டிசம்பர் 3 முதல் 6 வரை ஹைதராபாத்தில். மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. பலர் பயணத்தை நிறுத்தினார்கள். அப்படியிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். இன்டர்நெட் எல்லோருக்கும் என்பதே அந்த வருடத் தலைப்பு. இன்னும் இணைப்புக் கிடைக்காத அடுத்த நூறு கோடிப் பேரை எப்படிச் சேர்ப்பது, ஆங்கிலம் தவிர்ந்த மொழிகளுக்கு என்ன வழி என்றெல்லாம் பேசினார்கள். இந்த மன்றத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வர முடியாதவர்கள் தங்கள் ஊரில் ஓரிடத்தில் கூடி, இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து கொள்ளவும் வசதி உண்டு.

இணைய முகவரிகளை ஒழுங்கு செய்யும் ஐகான் என்ற அமைப்பின் 57ஆவது கூட்டமும் அதே ஹைதராபாத்தில் 2016 நவம்பரில் நடந்தது. முகவரி என்றால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டுக்கு டொட் எல்கே இருப்பது போல், தமிழ் எழுத்திலேயே டொட் இலங்கை என்ற முகவரியும் உண்டு. 2010இல் ஐகான் அங்கீகரித்தது அது. நம் கடையின் பெயரைத் தமிழிலேயே முகவரியாகப் பதிந்து கொள்ளலாம். இது தானாக வானத்திலிருந்து விழவில்லை. மற்ற மொழிகளுக்கும் இடம் வேண்டும் என்று இப்படியான மண்டபங்களில் வருடக்கணக்காக வாதாடியதால் வந்தது.

தமிழுக்கென்றே நடந்த மாநாடுகளும் உண்டு. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்துதான் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. எந்த எழுத்து எந்த விசையில் வர வேண்டும் என்பது அங்கு கூடியவர்கள் பேசி எடுத்த முடிவு. இலங்கையில் 2008இல் வந்த தர நிர்ணயம் வேறு விசைப்பலகையைக் கொண்டது. தமிழ்நாட்டில் பழகிய பெடியனை இங்கே பில் அடிக்க விட்டால் எழுத்தைத் தேடித் தடுமாறுவது அதனால்தான்.

நம் நாட்டுச் சட்டங்களையும் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம், ஓர் ஆவணம் மின்னணு வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அது செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. கடன்காரர்களின் பெயர், போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் இப்போது நாம் கணினியிலும் போனிலும் வைத்திருக்கிறோம். அவை சட்டத்தின் கண்ணில் தனிப்பட்ட தரவு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. இவை வரைவாக இருந்த காலத்தில் கொழும்பில் எத்தனையோ கூட்டங்கள் நடந்தன. நம் துறைமுகப் பக்கத்திலிருந்து யாராவது போய் ஒரு கேள்வி கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

மைக் பிடித்த மருமகன்

2018 பிற்பகுதியில் இன்னொரு மாநாட்டுக்கு மருமகன் விண்ணப்பித்தான். இம்முறை நானே பஸ்ஸில் ஏற்றி விட்டேன். அவன் வந்து சொன்ன விபரங்களை வைத்துத்தான் தொண்டர் வேலை என்னவென்று எனக்கு விளங்கியது.

காலை 7 மணிக்கு வாசலில் பதிவு மேசை. வருபவரின் பெயரைப் பட்டியலில் பார்த்து, கழுத்தில் மாட்டும் அட்டையைக் கொடுப்பது. பிறகு ஒவ்வோர் அமர்விலும் கேள்வி கேட்பவரிடம் மைக்கைக் கொண்டு ஓடுவது. பேச்சாளருக்கு ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என்று அட்டை காட்டுவது. இதில் ஒரு பெரிய அதிகாரி அட்டையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருபது நிமிடம் பேசினாராம். பிழை செய்தவன் போல் நம் பெடியன் அட்டையைப் பிடித்தபடி நின்றிருக்கிறான். இணைய வழியாக வரும் கேள்விகளை வாசித்துச் சொல்வது, அமர்வின் குறிப்பெழுதுவது, வெளிநாட்டிலிருந்து வருபவரை ஹோட்டலிலிருந்து கூட்டி வருவது இவையெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்கு. கிடைத்தால் குறிப்பெழுதும் வேலையையே கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்து முழுவதையும் கேட்கலாம், எழுதியவர் என்ற பெயரும் வரும்.

வேலை நேரம் போக மிச்ச நேரம் அமர்வுகளில் இருக்கலாம். கட்டணம் வாங்கும் பெரிய மாநாடுகள் பலவற்றில் இதுதான் பேரம்: மாணவன் இத்தனை மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும், அதற்குப் பதில் நுழைவு இலவசம். கணினித் துறையினரின் பெரிய மாநாடுகளில் இருபது மணித்தியாலம் என்று கணக்குப் போட்டு வாங்குவார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு 1986 ஞாபகம் வந்தது. ஓ.எல். முடிந்த கையோடு வாப்பா என்னைக் கொழும்பு கெய்சர் வீதியில் தெரிந்த ஒருவரின் கடையில் கொண்டு போய் விட்டார். ஆறு மாதம் சம்பளம் இல்லை. சாப்பாடும் படுக்க ஒரு மூலையும்தான். கூட்டினேன், தேநீர் வாங்கினேன், மூட்டை எண்ணினேன். ஆனால் எந்த முதலாளி எந்தச் சிட்டையில் கையெழுத்து வைக்கும்போது தயங்குகிறார், கப்பல் பிந்தினால் யார் முதலில் விலை ஏற்றுகிறார் என்பதெல்லாம் அந்தத் தேநீர்க் கோப்பையோடு நின்றபோதுதான் தெரிந்தது. வாப்பா அன்று "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் நான் இன்று இந்தக் கடையில் இல்லை. அப்படிப் பழகிய நான்தான் மருமகனிடம் டீ சேர்ட் பகிடி விட்டேன்.

அந்த மாநாட்டின் இரண்டாம் நாள், சமூக ஊடகத் தடை பற்றி ஓர் அமர்வு. மேடையிலிருந்த ஒருவர், போன் கோலும் எஸ்.எம்.எஸ்.ஸும் வேலை செய்ததால் சிறு வியாபாரிகளுக்குப் பெரிய பாதிப்பு இருந்திருக்காது என்றாராம். மருமகன் மைக்கைப் பிடித்துக் கொண்டு நிற்கிறான். கையில் மைக் இருந்தும் பேச முடியாது. கடமையிலிருக்கும் தொண்டர் பேசக்கூடாது என்பது ஒழுங்கு. அவன் ஒழுங்கை மீறவில்லை. தேநீர் இடைவேளையில் குறிப்பெழுதிய பெண்ணிடம் விடயத்தைச் சொல்லியிருக்கிறான். அவர் அமர்வின் தலைவரிடம் கூட்டிப் போனார். "கடைசி நாள் திறந்த அமர்வில் உமக்குக் கடமை இல்லையே, அப்போது எழுந்து சொல்லும்" என்றார் தலைவர்.

எழுந்து சொன்னான். என் கடை, என் சிலிப், என் லொறி. உடனே மூன்று கேள்வி வந்ததாம். எத்தனை நாள் தாமதம்? சரக்கின் பெறுமதி என்ன? வேறு வழி ஏன் பாவிக்கவில்லை? மூன்றுக்கும் பதில் சொன்னான், ஏனென்றால் கடையில் நின்றவன் அவன். மூன்றாவது கேள்விக்கு, "எங்கள் மாமாவுக்கு ஈமெயில் கடவுச்சொல் மறந்துவிட்டது" என்றதும் மண்டபமே சிரித்ததாம். சிரிக்கட்டும். மாநாட்டு அறிக்கையில் திருகோணமலைச் சிறு வியாபாரி ஒருவரின் அனுபவம் என்று நாலு வரி வந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

அதனால் நாட்டில் எதுவும் மாறிவிடவில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் மறுபடியும் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் வந்தது, அது ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. மாறியது என் கடை. மாநாட்டில் கேட்டதை வைத்து மருமகன் ஓர் ஒழுங்கு செய்து தந்தான். கடைக்கு ஒழுங்கான ஈமெயில், கொழும்பு வியாபாரியோடு சிலிப் இலக்கத்தை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பும் உடன்பாடு, முக்கிய வாடிக்கையாளர்களின் நம்பர்கள் ஒரு கொப்பியில். 2019இல் ஊரே முடங்கிக் கிடந்தது, அது வேறு கதை. ஆனால் சிலிப் போகவில்லை என்ற காரணத்துக்காக ஒரு மூட்டையும் நிற்கவில்லை.

அவனுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். பதிவு மேசையில் பக்கத்தில் நின்ற இன்னொரு தொண்டர், இரண்டு வருடம் கழித்து ஒரு மென்பொருள் கம்பனியில் இடம் இருப்பதாக இவனுக்குச் சொன்னார். நேர்முகத்தில் சேர்ட்டிபிக்கேட்டை யாரும் பார்க்கவில்லையாம். அந்த மாநாட்டில் என்ன கேட்டாய் என்றுதான் கேட்டார்களாம்.

எதைக் கேட்டு விசாரிப்பது

ஒரே பெயரில் பல சரக்கு இருக்கிறது. மாணவத் தொண்டர் என்பது வேலை செய்து நுழைவைப் பெறுவது. புலமைப் பயணம் என்பது வேறு, அதில் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் அமைப்பாளரே கொடுப்பார். ஐகானின் 2016 ஹைதராபாத் கூட்டத்தில் நெக்ஸ்ட்ஜென் என்ற பெயரில் 18 முதல் 30 வயது வரையான பல்கலைக்கழக மாணவரை இந்தப் பிராந்தியத்திலிருந்து எடுத்தார்கள். பயணமும் தங்குமிடமும் கொடுத்து, ஒரு சிறு உரையும் செய்ய வைத்தார்கள். கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் சி.பி.ஆர். சவுத் என்ற கொள்கை மாநாட்டை நடத்தி வந்தது. 2007 டிசம்பரில் சென்னையிலும் 2009 டிசம்பரில் நீர்கொழும்பிலும் அது நடந்தது. மாநாட்டுக்கு முந்திய நாட்களில் இளம் ஆய்வாளர்களுக்கு மூத்தவர்கள் பாடம் நடத்துவார்கள். ஹொங்கொங்கில் 2009இல் தொடங்கிய நெட்மிஷன் என்ற அமைப்பு, ஆசியாவிலுள்ள மாணவருக்கு இணைய ஆளுகை பற்றிப் பயிற்சி கொடுத்து, ஆசிய பசிபிக் பிராந்திய மன்றத்தோடு சேர்ந்து இளைஞர் மன்றத்தையும் நடத்தி வந்திருக்கிறது. இலங்கையிலும் இளைஞர் இணைய ஆளுகை மன்றக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. பெயர்களும் நிபந்தனைகளும் வருடத்துக்கு வருடம் மாறும். பிள்ளையை விட்டு அந்த அமைப்பின் சொந்த அறிவித்தலையே பார்க்கச் சொல்லுங்கள். யாரோ வட்ஸ்அப்பில் போட்டதை நம்பிப் பாஸ்போர்ட் எடுக்க ஓட வேண்டாம்.

கள்ளச் சரக்கும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், வெளிநாட்டில் இளைஞர் மாநாடு என்று வந்த கடிதத்தை நம்பி, தெரிவுக் கட்டணம், பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று மூன்று தடவை பணம் அனுப்பினார். கடைசியில் விசாவுக்குரிய அழைப்புக் கடிதம் வரவே இல்லை. ஊழியம் செய்யப் போகிறவனிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உண்மையான மாநாடு என்றால் மண்டபத்தின் பெயர், திகதி, முந்திய வருட நிகழ்ச்சி நிரல், பேசியவர்கள் யார் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். இந்தியாவில் நடக்கும் மாநாட்டுக்குச் சுற்றுலா விசாவில் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், மாநாட்டு விசா என்று தனியாக உண்டு.

இன்னொரு வகையும் இருக்கிறது. மாநாடு உண்மையானதுதான், ஆனால் பிள்ளையைக் காலை முதல் இரவு வரை கதிரை தூக்க வைத்து, ஓர் அமர்விலும் உட்கார விட மாட்டார்கள். ஆகவே போக முன் எழுத்தில் கேட்க வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்? எந்த அமர்வில் இருக்கலாம்? தங்குமிடம் யார் பொறுப்பு? இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள்? கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. சரக்கு வாங்கும்போது நாம் கேட்காததா?

விண்ணப்பத்தில் எல்லோரும் "எனக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வம்" என்று எழுதுகிறார்கள். அது அமைப்பாளருக்கு அலுத்துப் போன வரி. நம் பிள்ளை, "எங்கள் கடையில் கியூ.ஆர். அட்டை வைத்தோம், வள்ளக்காரர் ஏன் அதில் பணம் கட்டத் தயங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்" என்று எழுதட்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேச முடிந்தால் அதை முதல் வரியில் போடட்டும். பதிவு மேசையில் மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்கு இருக்கும் மதிப்பே வேறு.

கிண்ணியாச் சகோதரரின் உண்மையான பயம் சம்பளம் அல்ல என்று பேசப் பேசத் தெரிந்தது. பெண்பிள்ளை, தூர ஊர், இரவுப் பயணம். அது நியாயமான பயம். அவர் முன்னாலேயே மகளுக்குப் போன் போட்டு, அமைப்பாளரிடம் கேட்க வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தோம். பெண் தொண்டர்களுக்குத் தனித் தங்குமிடம் உண்டா, சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் மாலை 5 மணிக்கு விடுவார்களா, தொழுகைக்கு நேரம் தருவார்களா, சாப்பாடு ஹலாலா என்று நாலு கேள்வி. அடுத்த நாளே நாலுக்கும் எழுத்தில் பதில் வந்தது. இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே இணைய வழிக் கேள்விகளைக் கவனிக்கும் வேலையைக் கேட்கலாம் என்றும் சொல்லி வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை.

பிறகு இருவருமாகக் கணக்குப் போட்டோம். இரண்டு பேருக்குப் போய் வர பஸ், மூன்று நாள் சில்லறைச் செலவு. தங்குவது வெள்ளவத்தையில் மச்சான் வீட்டில், ஆகவே அதற்குச் செலவில்லை. "இரண்டு பேரா?" என்று நான் கேட்டேன்.

"நானும் போகிறேன் காக்கா. எப்படியும் இந்த மாதம் புறக்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போக வேணும். அவள் மண்டபத்தில் நிற்கட்டும், நான் கடை கடையாகப் போகிறேன். பின்னேரம் கூட்டிக் கொண்டு வந்துவிடலாம்."

அவர் எழும்பும்போது லாச்சியைத் திறந்து, அந்த நாலு வரி இருக்கும் பக்கத்தை எடுத்துப் போட்டோப் பிரதி எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் துறைமுகப் பக்கத்தைப் பற்றி முன்பு ஒருவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று மகள் வாசித்துவிட்டுப் போகட்டும் என்றேன். கடவுச்சொல் விடயத்தை மட்டும் மறுபடி யாரும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.